நீலக் குழந்தைக்குத் தலைவலி: இதயக் குறையும் மூளைச் சீழ்க்கட்டியும்

கேள்வி: 2024 ஜூன் 9, இரவு 10.40

பையனுக்கு ஆறு வயசு. பிறந்ததுல இருந்தே டிஓஎஃப்ங்கிற இதயக் குறை, உதடும் நகமும் நீலமா இருக்கும். ஆபரேஷன் இன்னும் ஆகலை. ஒரு வாரத்துக்கு மேலயே தலைவலின்னு சொல்லிட்டு இருந்தான், காலையில எந்திரிச்சதும் வாந்தி. பித்தம்னு நினைச்சுட்டோம். காய்ச்சல் எதுவும் இல்லை. நேத்து சாயந்திரம் வலது கையும் காலும் மட்டும் வெட்டி வெட்டி இழுத்துச்சு. ஸ்கேன் எடுத்துப் பார்த்துட்டு மூளையில சீழ்க்கட்டியா இருக்கலாம்னு சொல்றாங்க. இதயத்துல ஓட்டை இருந்தா மூளையில எப்படிச் சீழ் வரும்? ஸ்கேன் தப்பா இருக்குமா? காலையில பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகலாம்னு இருக்கோம். தெரிஞ்சவங்க சொல்லுங்க.

பதில்: ஜூன் 9, இரவு 10.55

தம்பி, காலை வரை காத்திருக்க வேண்டாம். இப்போதே கிளம்புங்கள். மூளை அறுவை மருத்துவரும் குழந்தை இதய மருத்துவரும் ஒரே வளாகத்தில் இருக்கிற இடமாகப் பாருங்கள். 108-ல் ஒரு ஆஸ்பத்திரியிலிருந்து இன்னொன்றுக்குக் கூட்டிப்போவார்கள், கேளுங்கள். ஸ்கேன் ஃபிலிம், சி.டி., பழைய எக்கோ (இதய ஸ்கேன்) ரிப்போர்ட் எல்லாம் கையோடு இருக்கட்டும். மற்ற விளக்கமெல்லாம் நாளை எழுதுகிறேன்.

ஜூன் 9, இரவு 11.10

வண்டியில் போகும்போது படிக்க. கேஷுவாலிட்டியில் வாயைத் திறந்ததும் முதல் வாக்கியத்திலேயே மூன்றையும் சொல்லிவிடுங்கள்: "நீலக் குழந்தை, இதய ஆபரேஷன் ஆகலை, மூளையில சீழ்க்கட்டி சந்தேகம்." தலைவலி, வாந்தி என்று ஆரம்பித்தால் வரிசையில் உட்கார வைத்துவிடுவார்கள்.

முதுகில் ஊசி குத்தி நீர் எடுப்பதைப் பற்றி யாராவது பேசினால், ஸ்கேனைப் பார்த்துவிட்டார்களா என்று கேளுங்கள். மூளைக் காய்ச்சலுக்கு அது சரியான பரிசோதனைதான். ஆனால் உள்ளே கட்டி அழுத்திக்கொண்டிருக்கும்போது கீழே நீரை எடுத்தால் மூளை கீழ்நோக்கிச் சரிந்து மூச்சை நிறுத்திவிடலாம்.

ட்ரிப்ஸ் குழாயில் காற்றுக் குமிழி இருக்கக்கூடாது. மற்ற குழந்தைக்குச் சின்னக் குமிழி போனால் நுரையீரலில் தங்கிக் கரைந்துவிடும். உங்கள் பையனுக்கு அது நேரே மூளைக்குப் போகலாம். நர்ஸிடம் சொல்லத் தயங்காதீர்கள்.

ஆபரேஷனுக்கு முன் வெறும் வயிற்றில் வைக்கச் சொல்வார்கள். அந்த நேரம் முழுக்க ட்ரிப்ஸ் ஓட வேண்டும். இந்தப் பிள்ளைகளின் ரத்தம் ஏற்கெனவே கெட்டி, உடம்பில் நீர் வற்றினால் ரத்தக் குழாய்க்குள்ளேயே உறைந்துவிடலாம்.

ஜூன் 10, காலை

நள்ளிரவில் சேர்த்துவிட்டதாகத் தகவல் வந்தது. நிம்மதி. இப்போது கேள்விக்கு வருகிறேன்.

உடம்பெல்லாம் சுற்றிவிட்டு வரும் கெட்ட ரத்தம் இதயத்தின் வலப்பக்கம் வந்து, அங்கிருந்து நுரையீரலுக்குப் போகும். நுரையீரல் பிராணவாயுவை மட்டும் ஏற்றி அனுப்புவதில்லை, வடிகட்டவும் செய்கிறது. பல் துலக்கும்போது ஈறிலிருந்து, தோலில் ஒரு சிரங்கிலிருந்து, தொண்டைப் புண்ணிலிருந்து தினமும் கொஞ்சம் கிருமி ரத்தத்தில் கலக்கத்தான் செய்கிறது. நுரையீரலின் மிக மெல்லிய குழாய்களில் அவை மாட்டிக்கொள்ளும், அங்கேயே அழிக்கப்படும். நமக்குத் தெரிவதே இல்லை.

டெட்ராலஜி ஆஃப் ஃபாலட் என்கிற டிஓஎஃப்-ல் நான்கு குறைகள் சேர்ந்து வருகின்றன. கீழறைகளுக்கு நடுவே ஓட்டை. நுரையீரலுக்குப் போகும் வழி குறுகல். உடம்புக்கு ரத்தம் கொண்டுபோகும் மகாதமனி அந்த ஓட்டைக்கு மேலேயே வந்து உட்கார்ந்திருக்கும். குறுகிய வழியில் தள்ளித் தள்ளி வலது கீழறைத் தசை தடித்துப்போகும். நுரையீரல் வழி குறுகலாக இருப்பதால், வலப்பக்க ரத்தத்தில் ஒரு பங்கு நுரையீரலுக்கே போகாமல் ஓட்டை வழியாகத் தாண்டி மகாதமனியில் ஏறிவிடுகிறது. வடிகட்டாத ரத்தம். அதனால்தான் உதடும் நகமும் நீலம், அதனால்தான் கிருமிக்கும் மூளைக்கும் நடுவே தடை இல்லை.

கிருமி போனால் மட்டும் போதாது, தங்க இடம் வேண்டும். பிராணவாயு குறைவாக இருப்பதால் உடம்பு சிவப்பணுக்களைக் கூடுதலாக உண்டாக்கிக்கொள்ளும். ரத்தம் கெட்டியாகி மெதுவாக ஓடும். மூளையின் ஓரங்களில் ஊசிமுனை அளவு இடங்கள் ரத்தம் கிடைக்காமல் செத்துப்போகும். கிருமி போய் உட்காருவது அங்கேதான். முதல் சில நாள் வெறும் வீக்கம், அழற்சி. இரண்டு வாரம் ஆகும்போது சுற்றிலும் ஒரு தோல் கட்டி நடுவில் சீழ் நிற்கும். ஸ்கேனில் மோதிரம் மாதிரி தெரிகிறது என்று சொல்வது அந்தத் தோலைத்தான்.

ஜூன் 10, மதியம்

ஒருவர் கேட்கிறார்: "என் பிள்ளைக்கும் இதயத்துல ஓட்டைதான், நீலம் இல்லை. நாங்களும் பயப்படணுமா?"

நீலம் இல்லாத சாதாரண ஓட்டையில் ரத்தம் இடமிருந்து வலமாகத்தான் போகும், அதாவது நல்ல ரத்தம் மறுபடி நுரையீரலுக்கே போகிறது. வடிகட்டி விட்டுப்போவதில்லை. இந்த ஆபத்து அவர்களுக்கு மிகக் குறைவு. ஆனால் பெரிய ஓட்டையை வருஷக்கணக்கில் மூடாமல் விட்டால் நுரையீரலில் அழுத்தம் ஏறி ஓட்டம் திரும்பிவிடும், அப்போது அந்தப் பிள்ளையும் நீலமாகும். உங்கள் டாக்டர் தேதி கொடுத்திருந்தால் தள்ளாதீர்கள்.

ஜூன் 10, இரவு

என் மகள் கதையை எழுதுகிறேன். 2009. அவளுக்கு அப்போது ஐந்து வயது. பிறந்த நாலாம் மாதம் டிஓஎஃப் என்று தெரிந்தது. ஆபரேஷனுக்குப் போகும்போதெல்லாம் ஒரு காரணம்: எடை பத்தவில்லை, சளி இருக்கிறது, படுக்கை இல்லை. தேதி தள்ளிக்கொண்டே போனது. வீட்டில் ஸ்பெல் வந்தால், அதாவது திடீரென்று மிகவும் நீலமாகி மூச்சு வாங்கினால், முழங்காலை மார்போடு சேர்த்து மடக்கிப் பிடிக்கக் கற்றுக்கொண்டோம். ப்ரோப்ரனலால் மாத்திரையைப் பொடித்துத் தேனில் குழைத்துக் கொடுப்பேன். இப்படியே ஐந்து வருஷம்.

ஒரு நாள் பள்ளிக்குக் கிளம்பும்போது இடது தோளில் மாட்டிய பை நழுவி விழுந்தது. எடுத்து மாட்டினேன், மறுபடி விழுந்தது. "ஒழுங்கா நில்லுடி" என்று அதட்டினேன். அவள் என்னைப் பார்த்து, "நான் நேராத்தாம்மா நிக்கிறேன்" என்றாள். சாப்பிடுவது, எழுதுவது எல்லாம் வலது கை என்பதால் இடது கை சோர்ந்துபோனது யாருக்கும் கண்ணில் படவில்லை. அதற்கு முந்தைய வாரம் முழுக்கத் தலைவலி சொல்லிக்கொண்டிருந்தாள். ஊரில் பார்த்த டாக்டர் வாந்திக்கு மருந்து கொடுத்து அனுப்பியிருந்தார். மாமியார் கண்ணேறு என்று உப்பு மிளகாய் சுற்றிப் போட்டார்.

அன்று ராத்திரி இடது பக்கம் இழுக்க ஆரம்பித்துவிட்டது. மாவட்டத் தலைநகரில் ஸ்கேன் எடுத்தோம். மூளையில் மோதிரம் மாதிரி ஒன்று. ரிப்போர்ட்டில் காசநோய்க் கட்டியா, நாடாப்புழுக் கட்டியா என்று இரண்டு கேள்விக்குறி. நம் நாட்டில் குழந்தைக்கு ஃபிட்ஸ் வந்து ஸ்கேனில் மோதிரம் தெரிந்தால் முதலில் நினைப்பது இந்த இரண்டையும்தான், காரணம் இங்கே இரண்டும் அதிகம். டிபி மருந்து ஆரம்பித்துப் பார்க்கலாம் என்று பேச்சு வந்தது.

ரவுண்ட்ஸ் வந்த வயதான டாக்டரம்மா ஒருவர் ஃபிலிமைக் கையில் வாங்கவே இல்லை. முதலில் என் மகளின் விரல்களைப் பிடித்தார். நுனி உருண்டு, நகம் கத்திரிப்பூ நிறத்தில் இருந்தது. நகத்தை அழுத்திவிட்டு, "இது டிஓஎஃப் பிள்ளை. வேற எதுவும் யோசிக்காதீங்க. சீழ்தான். இன்னைக்கே அனுப்புங்க" என்றார். இரண்டே நிமிஷம். அன்று சாயங்காலமே வேறு ஊருக்குக் கிளம்பினோம்.

மண்டை ஓட்டில் சின்னத் துளை போட்டு ஊசி வழியாகச் சீழை உறிஞ்சி எடுத்தார்கள். தலையைத் திறந்து பெரிய ஆபரேஷன் செய்வார்கள் என்று பயந்துகொண்டிருந்தேன், அப்படி இல்லை. நீலக் குழந்தைக்கு மயக்கம் கொடுப்பதே ஆபத்து என்பதால் சின்ன வேலையாக முடிப்பதைத்தான் விரும்புவார்கள் என்று பிறகு தெரிந்தது. மறுநாள் காலை அவள் இடது கையால் என் முந்தானையைப் பிடித்தாள்.

ஜூன் 11

"காய்ச்சலே இல்லாம சீழ் எப்படி இருக்கும்? ஸ்கேன் சென்டர்காரன் பயமுறுத்துறான்" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். இந்த நினைப்புதான் பிள்ளைகளைக் கொல்கிறது. அதனால் அழுத்திச் சொல்கிறேன். மூளைச் சீழ்க்கட்டி வந்தவர்களில் ஏறக்குறைய பாதிப்பேருக்குக் காய்ச்சல் இருப்பதில்லை. தலைவலி, காய்ச்சல், கைகால் பலவீனம் மூன்றும் சேர்ந்து புத்தகத்தில் இருப்பதுபோல வருவது சிலருக்குத்தான். கட்டி தோல் கட்டி மூடிக்கொண்டபின் உடம்பு சுடாமலே இருக்கும், ரத்தப் பரிசோதனையில் வெள்ளணுகூட ஏறாமல் இருக்கலாம். காலைத் தலைவலி, வாந்தி, திடீர்ச் சோம்பல், புதிதாக ஒரு ஃபிட்ஸ், ஒரு பக்கக் கை சோர்வது. நீலக் குழந்தைக்கு இதில் ஒன்று வந்தாலும் ஸ்கேன் எடுக்கும்வரை மூளை என்றே நினைக்க வேண்டும். பித்தம், கண் பவர், பள்ளிக்கூடப் பயம் எல்லாம் அதற்கப்புறம்.

ஜூன் 11, பிறகு

வயதைப் பற்றி நேற்று எழுதாமல் விட்டேன். இரண்டு வயதுக்குக் கீழே சீழ்க்கட்டி அபூர்வம். அந்த வயதில் நீலக் குழந்தைக்குக் கைகால் விழுந்தால் பெரும்பாலும் மூளைக் குழாயில் ரத்தம் உறைந்ததாக இருக்கும், முக்கியமாக வயிற்றுப்போக்கில் நீர் வற்றிய பிறகு. சீழ் அதிகம் வருவது நாலிலிருந்து ஏழு வயதுக்குள். அதாவது ஆபரேஷன் எப்போதோ முடிந்திருக்க வேண்டிய வயதில்.

ஜூன் 12

தம்பி எழுதியிருக்கிறார்: நேற்று மாலை சீழ் எடுத்துவிட்டார்களாம், பையன் கண் திறந்து பரோட்டா கேட்டானாம். கேட்டு எவ்வளவு சந்தோஷம்! டாக்டர் அனுமதித்ததும் வாங்கிக் கொடுங்கள், சால்னா காரம் குறைவாக.

கல்ச்சரில், அதாவது சீழில் இருக்கும் கிருமியை வளர்த்துப் பார்க்கும் பரிசோதனையில், ஸ்ட்ரெப்டோகாக்கஸ் என்று வந்திருப்பதாகச் சொல்கிறார். இந்தப் பிள்ளைகளுக்கு அடிக்கடி வரும் கிருமி அதுதான், வாயில் குடியிருப்பது. பிராணவாயு இல்லாமல் வளரும் கிருமிகளும் கூடவே இருக்கலாம், கல்ச்சரில் பல நேரம் அவை முளைக்காது. அதனால்தான் செஃப்ட்ரையாக்சோனோடு மெட்ரோனிடசோலையும் சேர்த்துப் போடுகிறார்கள். "கிருமி தெரிஞ்சாச்சே, அப்புறம் எதுக்கு ரெண்டு மருந்து" என்று கேட்டிருந்தீர்கள், அதற்குப் பதில் இது.

ஜூன் 13

பல். இதைத் தனியாக எழுத வேண்டும்.

நம்மிடம் "பால் பல்தானே, விழுந்துடும்" என்று ஒரு பேச்சு இருக்கிறது. நீலக் குழந்தைக்குச் சொத்தைப் பல் என்பது கிருமி தினமும் ரத்தத்துக்குள் நுழைய ஒரு வாசல். இவர்கள் பலரும் சரியாகச் சாப்பிடமாட்டார்கள். மூச்சு வாங்கும், பாதியில் நிறுத்துவார்கள். நாமும் எதையாவது ஊட்டிவிட வேண்டும் என்று சர்க்கரை போட்ட பால், பிஸ்கட், தேனில் குழைத்த மருந்து என்று நாள் முழுக்க வாயில் இனிப்பை வைத்திருப்போம். மருந்து கொடுத்ததும் ஒரு வாய் தண்ணீர் கொடுங்கள். ராத்திரிப் படுக்கும் முன் பெரியவர்கள் நாமே பல் துலக்கிவிட வேண்டும், ஆறேழு வயதுவரை அவர்கள் கையில் விடக்கூடாது.

சொத்தை வந்தால் பல் டாக்டரிடம் போகத் தயங்க வேண்டாம். ஆனால் போவதற்கு முன் இதய டாக்டரிடம் சொல்லுங்கள். அமெரிக்க இதயச் சங்கம் 2007-ல் தன் வழிகாட்டுதலை மாற்றி, பல் வேலைக்கு முன் ஆன்டிபயாடிக் தேவைப்படுகிறவர்களின் பட்டியலை மிகவும் சுருக்கியது. அந்தச் சுருக்கிய பட்டியலிலும் ஆபரேஷன் ஆகாத நீலக் குழந்தைகள் இருக்கிறார்கள். பல் எடுக்க, ஈறைக் கீறச் செய்யும் வேலைக்கு அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் முன்னால் அமாக்சிசிலின் ஒரே டோஸ், எடைக்குத் தகுந்தபடி டாக்டர் எழுதித் தருவார். பென்சிலின் ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு வேறு மருந்து. அந்த விதி இதயத்தின் உள்சுவரில் வரும் தொற்றைத் தடுக்க வந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். மூளைச் சீழுக்கென்று தனி விதி இல்லை. ஆனால் நுழையும் வாசல் ஒன்றேதான்.

ஜூன் 13, இரவு

"காதில் சீழ் வடிந்தால்தான் மூளைக்கு ஏறும், இதயம் கிதயம் என்று குழப்பாதீர்கள்." இப்படி ஒருவர். காதிலிருந்தும் ஏறும், உண்மைதான். வருஷக்கணக்கில் காது வடியும் பிள்ளைக்குக் காதை ஒட்டிய மூளைப் பகுதியிலும் சிறுமூளையிலும் கட்டி வரும். சைனஸிலிருந்து நெற்றிப் பக்கம் வரும். அங்கெல்லாம் பக்கத்து வீட்டிலிருந்து சுவர் தாண்டி வருகிறது. இதயக் குறையில் ரத்தத்தின் வழியாக வருவதால் எங்கேயும் வரலாம், ஒரே நேரத்தில் பல இடத்திலும் வரலாம். எனவே காது சுத்தமாக இருக்கிறது என்பதை வைத்து நீலக் குழந்தையைத் திருப்பி அனுப்பக் கூடாது.

ஜூன் 15

ஒரு அம்மா கேட்டது: இதயம் சரியாக இருக்கிற பிள்ளைக்கும் பிறவிக் குறையால் மூளையில் சீழ் வருமா?

வரும். அபூர்வம், ஆனால் வரும். நாங்கள் இருந்த வார்டில் பக்கத்துக் கட்டிலில் ஒரு பையன் இருந்தான், மூன்று வயது இருக்கும். பின்மண்டையில், கழுத்துக்குச் சற்று மேலே, நட்டநடுவில் கடுகு அளவில் ஒரு குழி. அதிலிருந்து இரண்டு முடி முளைத்திருந்தது. அவன் பாட்டி அதை அதிர்ஷ்டக் குழி என்று சொல்லி தினமும் எண்ணெய் தொட்டு வைப்பாராம். எப்போதாவது அதில் கொஞ்சம் ஈரம் கசியும், துடைத்துவிடுவார்கள். அந்தக் குழி மண்டை ஓட்டைத் தாண்டிச் சிறுமூளை வரை போகும் ஒரு நுண்ணிய குழாயின் வாய். கருவில் தோலும் நரம்பு மண்டலமும் பிரிய வேண்டிய இடத்தில் பிரியாமல் நின்றுவிட்டது. தோலில் இருக்கும் ஸ்டெஃபிலோகாக்கஸ் அந்த வழியாக உள்ளே போய்ச் சிறுமூளையில் சீழ் வைத்துவிட்டது. நடக்கத் தள்ளாடுகிறான் என்றுதான் கூட்டிவந்திருந்தார்கள். டாக்டர்கள் சீழை மட்டும் எடுக்கவில்லை, குழாயை அடியோடு எடுத்தார்கள். விட்டுவைத்தால் திரும்ப வரும்.

இப்படிப்பட்ட குழி மூக்குத் தண்டிலும் வரலாம், முதுகுத் தண்டின் மேலும் வரலாம். எல்லாம் உடம்பின் நடுக்கோட்டில்தான். குளிப்பாட்டும்போது பாருங்கள். முடி, கசிவு, சுற்றிலும் சிவப்பு இருந்தால் காட்ட வேண்டும். குச்சி விட்டுத் துழாவாதீர்கள்.

ஜூன் 15, சற்று நேரம் கழித்து

மேலே எழுதியதைப் படித்துவிட்டுப் பயந்து மூன்று பேர் கேட்டுவிட்டார்கள். ஆசனவாய்க்குச் சற்று மேலே, பிட்டப் பிளவுக்குள் இருக்கும் ஆழமில்லாத குழி நிறையக் குழந்தைகளுக்கு உண்டு, பெரும்பாலும் ஒன்றும் செய்யாது. அதற்கு மேலே, இடுப்புக்கோட்டிலோ முதுகிலோ கழுத்திலோ இருந்தால்தான் எம்.ஆர்.ஐ. வரை போக வேண்டும்.

இன்னொன்று: நுரையீரலுக்குள்ளேயே தமனியும் சிரையும் நேரடியாகச் சேர்ந்துவிடும் பிறவிக் குறை ஒன்று உண்டு. இதயம் எக்கோவில் சுத்தமாக இருக்கும், ஆனால் ரத்தம் வடிகட்டியைத் தாண்டிப் போய்விடும். குடும்பத்தில் பலருக்கு அடிக்கடி மூக்கில் ரத்தம் வரும் என்றால் டாக்டரிடம் அதையும் சொல்லுங்கள்.

ஜூன் 18

ரத்தத்தைப் பற்றி. "ஹீமோகுளோபின் 13 இருக்கு, நல்லாத்தான் இருக்கு" என்று ஒரு அப்பா. சாச்சுரேஷன் (ரத்தத்தில் பிராணவாயு அளவு) 75 இருக்கிற பிள்ளைக்கு 13 நல்லது இல்லை அண்ணா. அந்தப் பிள்ளையின் உடம்பு 17, 18 என்று வைத்திருக்க வேண்டும். 13-ல் நிற்கிறது என்றால் இரும்புச்சத்து இல்லாமல் தவிக்கிறது என்று அர்த்தம். இரும்பு கொடுத்தால் ரத்தம் இன்னும் கெட்டியாகும் என்று பலர் பயப்படுகிறார்கள். இரும்புச்சத்துக் குறைந்தால்தான் மூளைக் குழாய் அடைக்கும் ஆபத்துக் கூடுகிறது. எவ்வளவு கொடுப்பது, எப்போது நிறுத்துவது என்பது டாக்டர் ரத்தம் பார்த்துச் சொல்வது. கடையில் டானிக் வாங்கிக் கொடுக்காதீர்கள்.

ஜூன் 20, தூக்கம் வராத ராத்திரி

கொஞ்சம் பழைய கதை. 1876-ல் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோவில் வில்லியம் மெக்கிவன் என்ற அறுவை மருத்துவர் ஒரு சிறுவனுக்கு மூளையின் முன்பகுதியில் சீழ் இருக்கிறது என்று இடத்தைக் குறித்துச் சொன்னார். ஸ்கேன் கிடையாது, எக்ஸ்ரேயே கிடையாது. எந்தக் கை இழுக்கிறது, பேச்சு எப்படிக் குழறுகிறது என்று பார்த்தே சொன்னார். ஆபரேஷனுக்கு அனுமதி கிடைக்கவில்லை. பையன் இறந்துபோனான். பிறகு திறந்து பார்த்தபோது சொன்ன இடத்திலேயே சீழ் இருந்தது.

நீலக் குழந்தைகளுக்கு அப்போது வழியே இல்லை. பிரான்சில் மர்செய் நகரத்து டாக்டர் ஃபாலோ (டிஓஎஃப் பெயரில் வரும் 'ஃபாலட்' இவர்தான்) 1888-ல் நான்கு குறைகளையும் ஒன்றாகச் சேர்த்து விவரித்தார். அதன்பின் ஐம்பது வருஷத்துக்கு மேல் பெயர் தெரிந்தும் மருந்தில்லாத நோயாகவே இருந்தது. 1944 நவம்பர் 29-ல் அமெரிக்காவின் பால்டிமோரில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் ஆஸ்பத்திரியில் ஐலீன் சாக்சன் என்ற பதினைந்து மாதக் குழந்தைக்கு முதல் ஷன்ட், அதாவது நுரையீரலுக்குக் கூடுதல் ரத்தம் போக ஒரு மாற்று வழி, போட்டார்கள். யோசனை ஹெலன் டாசிக் என்ற குழந்தை மருத்துவருடையது, கத்தி பிடித்தவர் பிளேலாக். அந்த முறையை ஆய்வுக்கூடத்தில் நாய்களுக்குச் செய்து செய்து உருவாக்கியவர் விவியன் தாமஸ், கறுப்பினத்தவர், மருத்துவப் பட்டம் இல்லாதவர். ஆபரேஷன் நேரத்தில் பிளேலாக்கின் பின்னால் நின்று எப்படித் தைப்பது என்று சொல்லிக்கொண்டிருந்தார். வெகுகாலம் அவர் பெயர் சேர்க்கப்படவில்லை. இப்போது பிளேலாக்-தாமஸ்-டாசிக் ஷன்ட் என்றே சொல்கிறார்கள். உங்கள் பிள்ளையின் டிஸ்சார்ஜ் தாளில் 'பி.டி. ஷன்ட்' என்று இருந்தால் அதில் இருக்கும் 'டி' அவருக்கும் சொந்தம் என்று நான் எல்லா அம்மாக்களிடமும் சொல்வேன். முழுச் சரிசெய்யும் ஆபரேஷன் பத்து வருஷம் கழித்து, 1954-ல், மின்னசோட்டாவில் லில்லிஹை செய்தது.

ஜூன் 27

தம்பி கேட்டவை, ஒவ்வொன்றாக.

ஊசி எத்தனை நாள்? பொதுவாக ஆறு வாரம், சிலருக்கு எட்டு. ஜுரம் இல்லை, பையன் ஓடுகிறான், வீட்டுக்குப் போய் மாத்திரை சாப்பிடலாமே என்று தோன்றும். நடுவில் நிறுத்தினால் கட்டி மறுபடி நிரம்பும். எங்கள் வார்டில் மூன்றாம் வாரம் கையெழுத்துப் போட்டுக் கூட்டிப்போனவர்கள் திரும்பி வந்தபோது பிள்ளைக்கு நினைவே இல்லை. கட்டி மூளையின் உள் நீர்க்குழிக்குள் உடைந்திருந்தது.

வென்ஃப்ளான் (ட்ரிப்ஸுக்குக் கையில் போடும் சின்னக் குழாய்) போட நரம்பே கிடைக்கவில்லை என்றால் நீளமான குழாய் ஒன்றை மேற்கையில் வைத்துவிடுவார்கள், வாரக்கணக்கில் தாங்கும். கேளுங்கள். தினமும் குத்துவதில்தான் பிள்ளைகள் ஆஸ்பத்திரியை வெறுக்கிறார்கள்.

ஸ்கேனில் மோதிரம் இன்னும் தெரிகிறது என்று பயப்படுகிறீர்கள். சீழ் ஆறிய பிறகும் அந்தத் தோல் மாதக்கணக்கில் தெரியும். சுருங்குகிறதா, சுற்றியுள்ள வீக்கம் குறைகிறதா, பையன் எப்படி இருக்கிறான் என்பதைத்தான் பார்ப்பார்கள். பெரிதானால் இரண்டாம் முறை ஊசி போட்டு எடுக்க வேண்டியிருக்கும். என் மகளுக்கும் எடுத்தார்கள்.

ஜூலை 2

இதய ஆபரேஷனை இப்போதே செய்யச் சொல்லலாமா என்று கேட்கிறார்கள். அவசரம் புரிகிறது. ஆபரேஷன் நேரத்தில் இதயத்தின் வேலையைச் செய்யும் பைபாஸ் எந்திரத்தில் ரத்தம் உறையாமல் இருக்க ஹெபாரின் கொடுப்பார்கள். ஆறாத மூளையில் அது ரத்தக்கசிவை உண்டாக்கலாம். சீழ் ஆறி, ஊசி முடிந்து, கொஞ்சம் இடைவெளி விட்டுத்தான் செய்வார்கள். ஆனால் அந்த இடைவெளிக்குத் தேதி இருக்க வேண்டும். தேதி எழுதிய தாள் இல்லாமல் டிஸ்சார்ஜ் ஆகாதீர்கள். ஓட்டை திறந்திருக்கும் வரை அடுத்த சீழ் வரலாம்.

என் கோபம் இங்கேதான் இருக்கிறது. டிஓஎஃப்-ஐ இப்போது ஒரு வயதுக்குள்ளேயே சரிசெய்கிறார்கள். ரொம்பச் சின்னக் குழந்தை, மிகவும் நீலம் என்றால் முதலில் ஷன்ட் வைத்துவிட்டுப் பிறகு முழு ஆபரேஷன். நம் ஊரில் இன்னும் "எடை ஏறட்டும்" என்று பிள்ளையை அனுப்புகிறார்கள். நீலக் குழந்தைக்கு எடை ஏறாததே அந்த இதயத்தால்தான். எத்தனை கிலோ வந்தால் செய்வீர்கள், வராவிட்டால் எந்த மாதம் செய்வீர்கள் என்று கேட்டு எழுதி வாங்குங்கள். பதில் வராவிட்டால் வேறு இடத்தில் இரண்டாவது கருத்துக் கேளுங்கள். பணம் இல்லை என்று வீட்டில் உட்கார வேண்டாம். முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் குழந்தை இதய ஆபரேஷன் உண்டு. 2009-ல் வந்த கலைஞர் காப்பீட்டு அட்டையில்தான் என் மகளுக்கு மறு வருஷம் ஆபரேஷன் நடந்தது. அங்கன்வாடிக்கும் பள்ளிக்கும் வரும் ஆர்.பி.எஸ்.கே. மருத்துவக் குழுவின் வேலையே பிறவிக் குறையைக் கண்டுபிடித்து அனுப்புவது. குழு வரும் அன்று பிள்ளையை லீவு போட வைக்காதீர்கள்.

ஜூலை 3

மகள் இப்போது எப்படி இருக்கிறாள் என்று பலர் கேட்டதால்: கல்லூரியில் படிக்கிறாள். உதடு நீலம் இல்லை. இடது கை கொஞ்சம் மெதுவு, சட்டைப் பொத்தான் போட வலது கையைத்தான் தேடும். ஃபிட்ஸ் மருந்து சில வருஷம் கழித்து நிறுத்தப்பட்டது. கணக்கில் தடுமாறினாள், பள்ளியில் ஒரு டீச்சர் பொறுமையாக உட்கார்ந்து சொல்லிக்கொடுத்தார். வருஷத்துக்கு ஒரு முறை எக்கோ. நுரையீரல் வால்வில் ரத்தம் பின்னால் கசிவதால் பிற்காலத்தில் புது வால்வு வைக்க வேண்டிவரலாம் என்று சொல்லியிருக்கிறார்கள். டிஓஎஃப் ஆபரேஷன் ஆனால் எல்லாம் முடிந்தது என்று செக்கப்பை விட்டுவிடுகிறவர்கள் இதைக் கவனியுங்கள்.

ஜூலை 21

தம்பி, டிஸ்சார்ஜ் ஆனதற்கும் இதய ஆபரேஷனுக்குத் தேதி வாங்கியதற்கும் மகிழ்ச்சி. ஃபிட்ஸ் மருந்தைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். ஃபிட்ஸ் வரவில்லை என்பதற்காக நீங்களாக நிறுத்தக் கூடாது. சீழ் ஆறிய இடத்தில் தழும்பு இருக்கும், அது மாதங்கள் கழித்தும் ஃபிட்ஸைக் கிளப்பும். எத்தனை காலம் என்று நரம்பியல் டாக்டர் சொல்வார். ஊருக்குப் போனால் பாட்டிலை மறக்காமல் எடுத்துச் செல்லுங்கள், ஒரு வேளை விட்டுப்போனால்கூட வரலாம். அடுத்த ஸ்கேனுக்குப் போகும்போது பழைய ஃபிலிம் எல்லாவற்றையும் எடுத்துப்போங்கள், ரிப்போர்ட் தாள் மட்டும் போதாது. ஆபரேஷனுக்கு முன்னால் அந்தச் சொத்தைப் பல்லைப் பார்த்துவிடுங்கள், இதய டாக்டரே அதைக் கேட்பார்.